நாய்க்கு நாள் பார்க்கிற மனுசன்

பெப்ரவரி 9, ஞாயிறு

பூசை முடிந்து வந்து பார்த்தால் ஹீரோ இல்லை. கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டான். சாட்டிக் கடற்கரையில் ஒரு பெட்டை நாய்க்குப் பின்னால் நின்றவனைப் பிடித்து இழுத்து வந்தேன். நாயா அது, கன்றுக்குட்டி. தோள்மூட்டு இன்னும் வலிக்கிறது. என் மனுசன் சில்வெஸ்ரர் படலையில் நின்று சிரிக்கிறார். "பெடியன் வளந்திட்டான் எல்லே?" பெருமையாம். ஜேர்மனியில் இருக்கிற இவரின் தம்பி வாங்கிக் கொடுத்த அல்சேசன். சோறு வைக்கிறதும் பீ அள்ளுகிறதும் நான்.

பெப்ரவரி 15, சனி

நலமடிக்க வேண்டும், அதுதான் காயடிக்க வேண்டும் என்று ரவுணுக்குக் கொண்டுபோய் மிருக வைத்தியரிடம் காட்டினோம். சின்னப் பெண், நிதானமாகச் சொன்னார். "அக்கா, இது பெரிய சாதி நாய். எலும்பு முத்துறதுக்கு முதல் செய்தால் பிறகு இடுப்பு மூட்டுக்குக் கூடாது. ஒன்றரை வயசு வரட்டும். அதுவரைக்கும் அவிட்டு விடாதேங்கோ." ஜூனில் ஒன்றரை வயது. எனக்குச் சம்மதம். காரணம் சொன்னால் கேட்கிற ஆள்தான் நான்.

ஆனால் சில்வெஸ்ரர் கேட்ட கேள்விகள்! நோகுமோ? மயக்கம் தெளியாமல் போகுமோ? பிறகு சோர்ந்துபோவானோ? தையல் பிரிந்தால்?

வழிநெடுக நான் அவரோடு கதைக்கவில்லை.

பெப்ரவரி 16

ஏன் கதைக்கவில்லை? எழுதிவைக்கிறேன், இல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

கடைக்குட்டி பிறந்தபோது இனிப் பிள்ளை வேண்டாம் என்று இரண்டு பேரும்தான் முடிவெடுத்தோம். நான் குடும்பநல மாது. ஊர்ப் பெண்களுக்கு இதையெல்லாம் விளங்கப்படுத்துவதுதான் என் தொழில். ஆம்பிளைக்குக் கருத்தடை சின்ன வேலை, அன்றைக்கே வீட்டுக்கு வரலாம், நீங்கள் செய்யுங்கோ என்று கெஞ்சினேன். "எனக்கோ? வலை இழுக்கிற உடம்பப்பா இது. நீர் எப்பிடியும் ஆசுப்பத்திரியிலதானே கிடக்கிறீர், அங்கையே செய்துபோட்டு வாரும்."

செய்துபோட்டு வந்தேன். நோகுமோ என்று ஒரு வார்த்தை? அடுத்த நாளே தொழிலுக்குப் போய்விட்டார். வயிற்றில் தையலோடு நான் கிணற்றில் தண்ணி அள்ளினேன்.

ஜூன் 20, வெள்ளி

ஒன்றரை வயது முடிந்துவிட்டது. ஞாபகப்படுத்தினேன். கோயில் திருநாள் முடியட்டுமாம்.

ஜூலை 12, சனி

திருநாள் முடிந்தது. இப்போது வெயில் கூடவாம், புண் ஆறாதாம். போனில் தம்பியும் சேர்ந்துகொண்டார். "அண்ணி, ஆம்பிளை நாயின்ர வீரம் போயிடுமெல்லே?" அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விடுகிறார்கள். செத்தவீடு போல இருந்தது.

"ஒருக்கால் பாதரிட்டையும் கேட்டுப்பாப்பம்" என்றார் சில்வெஸ்ரர்.

பாதரிட்டையோ! எனக்குச் செய்யேக்கை எந்தப் பாதரிட்டைக் கேட்டனீங்கள்? — கத்திவிட்டேன். கையிலிருந்த அகப்பையைக் குசினிச் சுவரில் எறிந்தேன். அகப்பை உடைந்ததுதான் மிச்சம். நான் எதைச் சொல்கிறேன் என்றே விளங்கவில்லை அந்த மனுசனுக்கு.

ஜூலை 14

பாதரைக் கேட்டாராம். பாதர் சிரித்தாராம்.

ஓகஸ்ட் 19, செவ்வாய்

கிளினிக்கில் நிற்கும்போது அழைப்பு வந்தது. ஹீரோ புளியங்கூடலில் ஒரு வளவுக்குள் வேலி பாய்ந்திருக்கிறான். அங்கேயும் ஒரு பெட்டை நாய். வீட்டுக்காரர் கத்தியால் வெட்டிவிட்டார். பின்தொடை பிளந்து கிடந்தது. என் சாறித் தலைப்பால் கட்டி ஓட்டோவில் ஏற்றி ரவுணுக்குக் கொண்டு ஓடினேன். கடல் நடுவால் போகிற தாம்போதி றோட்டு முடியவே முடியாதோ என்று இருந்தது.

யார் அவிழ்த்துவிட்டது?

"பாவம், எந்நேரமும் கட்டினபடியே நிக்குது எண்டு நான்தான் அவிட்டு விட்டனான்."

பாவமாம்! இவரின் பாவம் பார்க்கிற குணத்தால் அது செத்திருக்கும்.

நல்லகாலம், நரம்பு தப்பிவிட்டது. காயம் ஆறியதும் ஒப்பரேசன் செய்ய அங்கேயே நாள் வாங்கினேன். ஒருவரையும் கேட்கவில்லை.

செப்ரெம்பர் 15, திங்கள்

செய்தாயிற்று. மயக்கத்தில் நாக்கை வெளியே விட்டுக்கொண்டு கிடந்தான். சில்வெஸ்ரர் அழுதார். மெய்யாகவே, மூக்கைச் சிந்தி அழுதார்.

நாளைக்கு லீவு போட ஏலாதோ என்று என்னைக் கேட்டார்.

"ஏலாது. எனக்கு வேலை இருக்கு. நீங்கள் நில்லுங்கோ."

செப்ரெம்பர் 17

தொழிலுக்குப் போகாமல் நாய்க்குப் பக்கத்திலேயே இருக்கிறார். தையலை நக்கவிடாமல் காவல். மீனில் முள் எடுத்துச் சோறு பிசைந்து ஊட்டுகிறார். இந்தக் கைக்கு இதெல்லாம் தெரியுமா? பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வருகிறது.

செப்ரெம்பர் 18, வியாழன்

காலையில் ஹீரோ எழும்பப் பார்த்து முனகினான். பின்கால் நடுங்கியது. அவர் வயிற்றுக்குக் கீழே கைகொடுத்து மெல்லத் தூக்கி நிறுத்தினார். கிளினிக்குக்குப் போக முதல் தொட்டியை நிரப்புவோம் என்று நான் கிணற்றடியில் வாளியோடு நின்றேன். அவர் நாயைப் பிடித்தபடி என் கையிலிருந்த வாளியையே பார்த்தார்.

"இஞ்சாரும்... அப்ப உமக்கும் இப்பிடித்தான் நொந்ததோ?"

கடைக்குட்டிக்கு இப்போது பதினொரு வயது.

"ஓம்" என்றேன்.

வாளியை அவர் காலடியில் வைத்துவிட்டு உள்ளே வந்து கதிரையில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் தண்ணி அள்ளுகிற சத்தம் கேட்டது. கோபம் போய்விட்டதா? இல்லை. கிளினிக்குக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. தொட்டி நிரம்பும்வரை நான் எழும்பவில்லை.