கிரீஸ் ஆச்சி

இன்று காலை காப்பி குடித்துவிட்டு உங்கள் கம்ப்யூட்டரைப் போட்டேன். மூன்று மாதமாகத் துணி மூடிக் கிடந்தது. ஸ்விட்சைத் தட்டிக் கொஞ்ச நேரத்தில் பின்பக்கத்து ஓட்டைகள் வழியாகச் சூடான தூசி வாசனை வந்தது. இஸ்திரிப் பெட்டி சூடேறும்போது வருமே, அந்த மாதிரி. நீங்கள் இருந்தவரை தினமும் எட்டு மணிக்கு நம் முன்கூடத்தில் இந்த வாசனை இருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நேற்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பாய் வந்திருந்தார். பழைய கம்ப்யூட்டர் சாமான் கடை வைத்திருக்கிறாரே, அந்த பாய்தான். நீங்கள் போய்ச் சேர்ந்த செய்தி அவருக்கு இப்போதுதான் தெரிந்ததாம். போகும்போது ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போனார். அதனால்தான், ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன இந்தக் கையெழுத்தில் உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். முதலில் நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். எனக்கே எல்லாவற்றையும் ஒரு தடவை ஒழுங்காகப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது.

சர்க்கரைப் புண்ணால் உங்கள் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். மயக்கம் தெளிந்து நீங்கள் சொன்ன முதல் வார்த்தை, "கிளட்ச் கால் போச்சேட்டி" என்பதுதான். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்து ஏழெட்டு மாதம் நீங்கள் பேசிய வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். இங்கிருந்து பேண்டேஜ் துணியும் நூல் பண்டலும் ஏற்றிக்கொண்டு நாக்பூர் வரைக்கும் லாரி ஓட்டிய மனிதர், கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தீர்கள். சாப்பாடு வைத்தால் சாப்பிட்டீர்கள். வைக்காவிட்டால் கேட்க மாட்டீர்கள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. புண் ஆறிவிட்டது, ஆள் ஆறவில்லை என்று டாக்டரிடமே சொன்னேன். அவர் மாத்திரையை மாற்றி எழுதிக் கொடுத்தார்.

பொங்கலுக்கு நம் பேத்தி வந்தாள். காலேஜில் படிக்கும்போது அவள் வைத்திருந்த கம்ப்யூட்டர் நம் வீட்டு மூலையில் சும்மாதானே கிடந்தது. அதில் ஒரு லாரி விளையாட்டை ஏற்றி, உங்களைப் பிடித்து உட்கார வைத்தாள். வெளிநாட்டு ரோடு, பெரிய லாரி. லோடு ஏற்றி, சொன்ன ஊரில் இறக்க வேண்டும்.

"கிளட்ச் எங்கட்டீ?" என்று கேட்டீர்கள்.

"கிளட்சே கெடையாது தாத்தா. ஆட்டோமேட்டிக். விரலால ஓட்டணும்."

"விரலால ஓட்டுதது வண்டியா, தையல் மிஷினா?" என்று அவளைக் கேலி செய்தீர்கள். ஆனால் எழுந்திருக்கவில்லை. நான் அடுப்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டேன். உங்கள் வாயிலிருந்து கேலி வந்து எத்தனை மாதம் ஆகியிருந்தது.

அந்த விளையாட்டு ஓடுகிற அளவுக்கு அந்தப் பெட்டிக்குத் தெம்பில்லை. ஊர் ஏதாவது வந்தால் படம் நிற்கும், பிறகு குதிக்கும். "மிஸ்ஸிங் அடிக்குது. டீசல்ல தண்ணி கலந்த மாதிரி" என்றீர்கள். பேத்தி போனில் வழி சொன்னாள். லாரியின் பக்கக் கண்ணாடியில் பின்னால் வருவது தெரிகிறதே, அந்தக் காட்சியை நிறுத்திவிட்டால் பாதிப் பாரம் குறையும், வண்டி நன்றாக ஓடும் என்றாள். உங்களுக்கு வந்ததே கோபம்.

"கண்ணாடி இல்லாம வண்டி ஓட்டச் சொல்லுதா பாரு, நாப்பது வருச டிரைவர! படத்துல புல்லக் குறைக்கச் சொல்லு. நெழலக் குறைக்கச் சொல்லு. கண்ணாடில கை வைக்கக்கூடாது."

மறுநாள் நீங்கள் கம்ப்யூட்டர் பக்கம் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டீர்கள். அப்போதுதான் நான் காலண்டர் தாளைக் கிழித்து, பெட்டிக்குள் மாற்ற வேண்டியதைப் பின்பக்கத்தில் பேத்தி சொல்லச் சொல்லத் தமிழில் எழுதிக்கொண்டேன். ராம். எஸ்எஸ்டி. கிராபிக்ஸ் கார்டு, பழசு போதும். படித்துப் பார்த்தால் ஏதோ மருந்துச் சீட்டு மாதிரி இருந்தது. பெட்டியைப் பழைய வேட்டியில் மூட்டை கட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

பாய் நல்ல மனிதர். புதுசாக எதையும் என் தலையில் கட்டவில்லை.

"எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தாதீக ஆச்சி. மொதல்ல ராம் இன்னொண்ணு போடுவோம். பொறவு இந்தப் பழைய டிஸ்க்கத் தூக்கிட்டு எஸ்எஸ்டி போடுவோம். அதுக்கும் சரியா வரலன்னா மட்டும் கார்டப் பாப்போம்."

"கண்ணாடி தெரியணும் பாய். கண்ணாடி இல்லன்னா அவிய ஓட்ட மாட்டாக."

"எந்தக் கண்ணாடி?" என்று முழித்தார். நான் விவரம் சொன்னதும் சிரித்துவிட்டு, "அப்ப கார்டு இல்லாமத் தீராது" என்றார்.

இரண்டு தடவை போய் வந்தேன். முதல் தடவைக்கே பெட்டி சட்டென்று விழித்துக்கொள்ள ஆரம்பித்தது. ஆனாலும் ஊருக்குள் வண்டி குதித்தது. இரண்டாம் தடவை, யாரோ கொடுத்துவிட்டுப் போன பழைய கார்டு ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டார். தனியாகக் கரண்டு கேட்காத சின்னக் கார்டு, கரண்டு கொடுக்கிற சப்ளையை மாற்ற வேண்டாம், உங்களுக்கு இது போதும் என்றார். விலையும் புதுசில் மூன்றில் ஒரு பங்குதான். கடைசியில், "ஃபேனுக்கு அடியில சூட்ட இழுக்குத பேஸ்ட் காஞ்சு கெடக்கு ஆச்சி. இப்ப எங்கிட்ட தீந்துபோச்சு. வெயில் வாரதுக்குள்ள ஒரு நாள் கொண்டாங்க, வச்சுத் தாரேன்" என்றார். அதை அப்படியே வந்து உங்களிடம் சொன்னேன். அதுதான் நான் செய்த தப்பு.

அன்றிலிருந்து காலை எட்டு மணிக்கு உங்கள் வண்டி கிளம்பிவிடும். "கிளீனர் பக்கம் உக்காரு" என்று உங்கள் இடது பக்கத்தில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடச் சொன்னீர்கள். லோடு லாரியில் பெண்டாட்டியை ஏற்றுகிற வழக்கம் உங்களுக்கு இல்லை. கல்யாணம் ஆகி இத்தனை வருடத்தில் உங்கள் வண்டியில் நான் ஒரு நாள்கூட ஏறியதில்லை. நம் முன்கூடத்தில்தான் முதல் தடவையாக உங்களோடு ரோட்டில் போனேன். அந்த விளையாட்டு ஊரில் எல்லோரும் வலது பக்கமாகப் போகிறார்கள். நீங்களோ பழக்கத்தில் இடது பக்கமே ஒதுங்குவீர்கள். எதிரில் கார் வரும். நான் கத்துவேன்.

"ஏங்க, வாரான், வாரான்!"

"வரட்டும்ட்டி. அவனுக்கும் கண்ணு இருக்கும்ல."

இறக்கத்தில் போகும்போது, வட நாட்டில் ஒரு மலை ரோட்டில் பிரேக் பிடிக்காமல் போன கதையைச் சொன்னீர்கள். மண்மேட்டில் ஏற்றி நிறுத்தினீர்களாம். அந்த ட்ரிப்பு முடிந்து வீட்டுக்கு வந்தபோது என்னிடம் ரசம் மட்டும் கேட்டீர்கள். எத்தனையோ வருடம் கழித்து, ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல், "அன்னைக்கு ஒன்னையத்தான் நெனச்சேன்" என்றீர்கள். நானும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேசினால் நிறுத்திவிடுவீர்களோ என்று இருந்தது.

சித்திரை வெயிலில் பெட்டி இரைய ஆரம்பித்தது. ஒரு நாள் நான் ரேஷன் கடையில் நின்றுவிட்டு வந்து பார்த்தால், பெட்டி ஓடிய பத்தாவது நிமிடம் தானாக அணைந்தது. மறுபடி போட்டீர்கள், மறுபடி அணைந்தது. "மிஷின் போச்சு. இனி வேண்டாம், தூக்கிப் போடு" என்று கட்டிலுக்குப் போய்விட்டீர்கள். மத்தியானம் உங்கள் துண்டைத் துவைக்க எடுத்தேன். கறுப்பாகக் கை வழுக்கியது. வாசனை எனக்குத் தெரியாதா? சக்கரத்துக்கு வைக்கிற கிரீஸ். பரணில் இருந்த டப்பா கட்டிலுக்கு அடியில் இருந்தது. பேஸ்ட் காய்ந்துவிட்டது என்று நான் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு, நீங்களே கழற்றி, நீங்களே வைத்து மூடியிருக்கிறீர்கள். உங்கள் வண்டிச் சக்கரத்துக்கு எந்த மெக்கானிக்கையும் கிரீஸ் வைக்க விடாத ஆள்தானே நீங்கள்.

நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால், கால் போனதோடு கையும் போயிற்று என்று நினைத்துக்கொள்வீர்கள். மறுபடியும் வேட்டி மூட்டை, மறுபடியும் பஸ்.

பாய் ஃபேனைக் கழற்றியதும் விரலில் தொட்டு, தேய்த்து, மோந்து பார்த்தார். கடையில் நாலு பேர் நின்றார்கள்.

"ஆச்சி, இது வீல் கிரீஸ்லா! அரை டப்பாவ அப்பியிருக்கு. யாரு பாத்த வேலை இது?"

"நாந்தான்" என்றேன். "பேஸ்ட்டுன்னு சொன்னீக. வீட்ல இதான் இருந்துச்சு."

"அண்ணாச்சி பாக்கலையா?"

"அவியளுக்குத் தெரியாது. தூங்கிட்டிருந்தாக."

கடையே சிரித்தது. "கம்ப்யூட்டருக்கு கிரீஸ் வச்ச மொத ஆளு நம்ம ஆச்சிதான். இனி நீங்க கிரீஸ் ஆச்சி" என்றார் பாய். சிரித்தாலும் வேலையைச் சுத்தமாகத்தான் செய்தார். ஸ்பிரிட் போட்டுத் துடைத்து எடுத்து, ஒரு பருப்பளவு வெள்ளைப் பேஸ்ட்டை நடுவில் வைத்து மூடினார். அம்புட்டுதான் வேண்டியதாம். வீட்டுக்கு வந்து, "தூசி அடைச்சிருந்துச்சாம்" என்றேன். நீங்கள் என் முகத்தையே பார்த்தீர்கள். பிறகு ஸ்விட்சைப் போட்டீர்கள். வண்டி ஓடியது.

ஒரு வாரம் போயிருக்கும். ஒரு நாள் காலையில் வெள்ளைச் சட்டை போட்டு, கக்கத்துக் கட்டையை ஊன்றிக்கொண்டு, "செத்த வெளிய போய்ட்டு வாரேன்" என்று கிளம்பினீர்கள். கால் எடுத்த பிறகு வாசலைத் தாண்டித் தனியாகப் போனது அன்றுதான். எங்கே என்று நான் கேட்கும்போதே படி இறங்கிவிட்டீர்கள். பின்னாலேயே வந்தால் கோபப்படுவீர்கள் என்று தெருமுனை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். மத்தியானம் வியர்த்து விறுவிறுத்து வந்தீர்கள். கையில் ஒரு பால்கோவா பாக்கெட்.

நான் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. "சுகருக்குக் கால எடுத்த மனுசன், பால்கோவா திங்கவா ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனீக? இன்னொரு காலும் வேண்டாமா?"

"ஒனக்குத்தான்ட்டி" என்றீர்கள். நான் நம்பவில்லை. பாக்கெட்டைப் பிரிக்காமல் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் உங்களோடு பேசவும் இல்லை.

நேற்று பாய் டீயைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். மிஷின் சரியாக ஓடுகிறதா என்று கேட்க அவர் நம் வீட்டுக்கு போன் செய்திருக்கிறார். நீங்கள் எடுத்திருக்கிறீர்கள். "கிரீஸ் ஆச்சி இருக்காகளா?" என்று விளையாட்டாகக் கேட்டாராம். யார் அது என்று நீங்கள் கேட்க, அவரும் கடையில் நடந்ததை எல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். நீங்கள் சரி என்று வைத்துவிட்டீர்களாம்.

"மறுநா அண்ணாச்சி கடை வாசல்ல வந்து நிக்காக ஆச்சி. உள்ள ஆளு நெறைய. உக்காருங்கன்னேன், உக்காரல. கட்டைய ஊனி நின்னுக்கிட்டே சொன்னாக. 'அந்த கிரீஸ வச்சது நான். எம் பொண்டாட்டி இல்ல. அவளப் பாத்து இங்க சிரிச்சீகளாம். சிரிக்கணும்னா இப்பச் சிரிங்க, நான் நிக்கேன்'னு. ஒரு பய வாயத் தெறக்கல. ஆச்சிக்கு இது தெரியக்கூடாது, தெரிஞ்சா அவ சொன்னது பொய்யாப் போயிரும்னாக. என்னையச் சத்தியம் பண்ணச் சொன்னாக. இனி யாருக்காக மறைக்க?"

நீங்கள் அங்கே போய் வந்த பிறகு ஒரு தடவை நான் கீபோர்டு மாற்றப் போனபோது, பாய் எழுந்து தன் நாற்காலியை எனக்குப் போட்டார். பட்டப்பெயர் சொல்லவில்லை. வயசுக்குக் கொடுத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று பால்கோவாவுக்குச் சத்தம் போட்டதற்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் எழுத ஆரம்பித்தேன். எழுதி வரும்போது அது பின்னால் போய்விட்டது. நேற்றிலிருந்து என் கண்ணுக்குள் நிற்பது, பாய் கடைக்குப் போக நீங்கள் ஏறிய அந்த பஸ்தான். ஓட்டுகிறவன் பயணியாகப் போவதா என்று கல்யாண வீட்டுக்குக்கூட பஸ் ஏறாத ஆள் நீங்கள். ஒற்றைக் காலோடு படியேறி, யாரோ எழுந்து கொடுத்த இடத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். கட்டாயம் டிரைவருக்குப் பின் சீட்டுதான். ராஜபாளையம் தாண்டி, கண்மாய்க்கரை வளைவில் எதிரே டவுன் பஸ் வந்திருக்கும். உங்கள் வலது கால், இல்லாத பிரேக்கை அழுத்தி மிதித்திருக்கும்.