அப்பாவின் மெசின் கருகின கதை

குண்டசாலை

அன்பு மகள் யசோதினிக்கு,

கனடாக் குளிருல நீயும் மாப்பிள்ளையும் சொகமா இருப்பீங்கன்னு நம்புறேன். இங்க நானும் அப்பாவும் நல்லா இருக்கோம், சுகமில்லாம கெடந்தது அப்பாவோட மெசின்தான். போன்ல சொல்லலாம்னா நான் பேசுறப்பல்லாம் இவரு பக்கத்துக் கதிரையில வந்து உக்காந்துக்கிறாரு, அதான் கடுதாசி. இப்ப மார்க்கெட்டுக்குப் போயிருக்காரு.

பிரின்சிபல் வேலையில இருந்து ரிட்டயர் ஆனதும் சாமான் வரவழைச்சு கராஜ்ல ஒண்ணொண்ணாப் பொருத்திச் செஞ்சாரே, கம்ப்யூட்டர்ல எழுதுறதை மரத்துல செதுக்குற மெசின், அதுல கோயில் கும்பாபிசேகத்துக்கு ஒரு பலகை செஞ்சு தர்றேன்னு கமிட்டிக்கிட்ட ஒத்துக்கிட்டாரு. சாமி பேரு மேல சின்னதா, தலைவர் பேரு நடுவுல பெருசா. செயலாளர் பேரை எந்தப் பக்கம் போடுறதுன்னு முடிவு பண்ண மட்டும் மூணு கூட்டம் வச்சாங்க. இந்த அவசரத்துல மெசின் பியூஸ் அடிக்கடி போகுதுன்னு இவரு சாக்லேட் சுத்தி வந்த வெள்ளித்தாளை மடிச்சு அந்த இடத்துல சொருகிட்டாரு. இது சரியாங்கன்னு கேட்டேன், முப்பது வருசம் பள்ளிக்கூடம் நடத்துனவனுக்கு ஒரு பியூஸைப் பத்தித் தெரியாதான்னாரு. மறுநாள் காலையில தலைவர் பேரு பாதி செதுக்கினப்ப ஒரு வயர் கழண்டு எதுலயோ பட்டு டப்புன்னு ஒரு சத்தம், மீன் கருகின மாதிரி ஒரு வாடை. மெசினோட மூளையா இருக்கிற பச்சை போர்டுல ஒரு லைட்டும் இல்ல. எல்லாம் கரண்ட்காரங்க செஞ்ச வேலைன்னு சொல்லி, மேற்படி விடயம் தொடர்பாகன்னு ஆரம்பிச்சு ரெண்டு பக்கத்துக்கு முறைப்பாடு எழுதினாரு. மெசின் கருகின அந்நேரமும் வீட்டுல ரேடியோ பாடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. தலைவர் வந்து பாத்துட்டு, தன் பேரு பாதியில நிக்கிறது நல்லதுக்கில்ல, கண்ணு பட்டிருக்கு, எலுமிச்சம்பழம் வெட்டுங்கன்னாரு. வெட்டினோம். போர்டுக்குத் தெரியல போல.

சிரிச்சுக்கிட்டே எழுதுறேன், ஆனா ரெண்டு நாள் அப்பா சரியாச் சாப்பிடல. ரிட்டயர் ஆனதுக்கப்புறம் இவரைத் தேடி நாலு பேரு வாசலுக்கு வந்தது இந்தப் பலகைக்காகத்தான் பிள்ளை. அதனால நானே போர்டையும் ஒரு மோட்டரையும் துவாயில சுத்தி எடுத்துக்கிட்டு, இவரையும் இழுத்துக்கிட்டு பிலிமத்தலாவைக்கு பஸ் ஏறினேன். அங்க றுமைஸான்னு ஒரு பிள்ளை போன் ரிப்பேர் கடை வச்சிருக்கு, கை சுத்தம்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. அப்பா உள்ள போனதும் கடைக்காரர் இல்லையான்னு கேட்டாரு. நான்தான் சேர்னு சொல்லிட்டு அது மீட்டரை எடுத்திருச்சு. உள்ள கரண்ட் வருது, ஆனா அதை அஞ்சு வோல்ட்டாக் கொறைக்கிற பாகத்தைத் தாண்டி வரலன்னு கண்டுபிடிச்சு, அதை மாத்தினதும் லைட் எரிஞ்சுச்சு. அப்பா எந்திரிச்சு நின்னுட்டாரு. பொறுங்க சேர், இன்னும் முடியலன்னுச்சு. போர்டுல மோட்டர் மாட்டுற மூணு இடத்துலயும் மாட்டிப் பாத்தா ஒண்ணுல சுத்தல. அந்த இடத்துல இருந்த, மோட்டரை ஓட்டுற சின்ன டிரைவரைக் கழட்டி சுத்துற இடத்துல சொருகுச்சு, கோளாறும் கூடவே இடம் மாறிச்சு. அப்ப போர்டு நல்லாத்தான் இருக்கு, இந்த டிரைவர்தான் செத்துருச்சு, கரண்ட் இருக்கிறப்பவே மோட்டர் வயரைக் கழட்டினீங்களா சேர்னு கேட்டுச்சு. அப்பா என்னைப் பாத்தாரு. நான் சுவத்துல தொங்குற போன் கவரைப் பாத்தேன். கழட்டியிருக்கலாம்னாரு. அந்தப் பிள்ளை போர்டுல பியூஸ் இடத்துல கருகிக் கெடந்த வெள்ளித்தாளை இடுக்கியால எடுத்து மேசையில வச்சுட்டு, புது பியூஸும் புது டிரைவரும் போட்டுக் குடுத்துச்சு. திட்டியிருந்தாக்கூட அப்பாவுக்கு லேசா இருந்திருக்கும்.

பலகை நேரத்துக்கு முடிஞ்சிருச்சு. கும்பாபிசேகத்தன்னைக்கு தலைவர் சாமிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு தன் பேரு பக்கத்துல நின்னு போட்டோ எடுத்தாரு. அதை விடு. கடையில இருந்து திரும்பி வர்றப்ப பேராதனை தாண்டினதும் அப்பா துவாயில சுத்தின போர்டை என்கிட்ட இருந்து வாங்கி மடியில வச்சுக்கிட்டாரு. அப்புறம், எலக்ட்ரோனிக்ஸ் படிக்கிறேன்னு நம்ம யசோதினி அழுதுச்சே, நான்தானே கணக்கியல்னு விண்ணப்பப் பாரத்தை நிரப்பிக் குடுத்தேன்னாரு. எறங்க வேண்டிய இடம் வந்தும் எறங்காம உக்காந்திருந்தாரு, கண்டக்டர் சத்தம் போட்ட பிறகுதான் எந்திரிச்சாரு.

முருகன் உங்க ரெண்டு பேரையும் நோய் நொடியில்லாம வச்சிருக்கட்டும். காலுக்குச் சொக்ஸ் போடாம நடக்காத. ஒண்ணு ஞாபகம் வச்சுக்க, அப்பா ஒரு நாளைக்கு போன் எடுத்து, போர்டுல ஒரு சந்தேகம்னு உன்கிட்டக் கேப்பாரு. உன்கிட்ட மன்னிப்புக் கேக்க அவருக்கு வேற வழி தெரியாது. எனக்குத் தெரியாதுப்பான்னு வச்சிடாத, பேச விடு.

என்னைக்கும் உன் நெனப்புல இருக்கும்,
அம்மா