மஞ்சள் பூசிய எரிமலைக் கல்

அடியே,

பெட்டியைத் திறந்தேன், குப்பென்று மஞ்சள் வாசனை. உன் கல்லை முடிந்து வைத்த துணியிலிருந்துதான். இத்தனை வருஷம் கழித்தும் போகாத வாசனை! நான் உட்கார்ந்திருப்பது ஈக்வடாரில், ஒரு மலையூர் ஓட்டலில். எரிமலைகளையும் பழங்குடிக் கிராமங்களையும் சுற்றிக் காட்டுகிறோம் என்று கூட்டி வந்திருக்கிறார்கள். ஜன்னலுக்கு நேரே உன் துங்குராவா மலை இருக்கிறதாம். இருக்கிறதாம், அவ்வளவுதான், மேகம் மூடிக் கிடக்கிறது. காபி ஆறிப்போனது கூடத் தெரியாமல் எழுந்து எழுந்து போய்ப் பார்க்கிறேன். "உக்காரும்மா, இந்த உயரத்துல மூச்சு வாங்கும்" என்று மகள் திட்டுகிறாள். குயிலாப்பாளையம் தையல் கூடத்தில் நான் உன்னைத் திட்டியதுதான் நினைவுக்கு வந்தது. "ஒரு எடத்துல குந்த மாட்டியா நீ? எப்பப் பாத்தாலும் நடந்துக்கினே இருக்கே!"

நீ குந்தியதே இல்லை. எண்பதுகளில் அந்தத் தையல் கூடத்தில் வெள்ளைக்காரர்களுக்குப் பூவேலை செய்த அத்தனை பேரும் பாயில் உட்கார்ந்து தைத்தோம். நீ மட்டும் ஜன்னலோரம் நின்றுகொண்டு தைத்தாய். சனிக்கிழமை ஆனால் நான் விழுப்புரத்துக்கும் நீ திண்டிவனத்துக்கும் பஸ் பிடிப்போம். பஸ்ஸிலும் உனக்கு சீட் வேண்டாம், படிக்குப் பக்கத்தில்தான் நிற்பாய். "உள்ள ஏறும்மா, உழுந்து வச்சா யாரு பதில் சொல்றது?" என்று கண்டக்டர் கத்துவார். நீ காற்றுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு சிரிப்பாய்.

அந்தத் தையல் கூடத்துக்குத்தான் ரோசா வந்து சேர்ந்தாள். ஈக்வடாரின் ஆண்டிஸ் மலைப் பழங்குடிக்காரி, தலையில் ஆம்பளைத் தொப்பி. சில மாதம் நம்மோடு தங்கித் தைத்தாள். அவளுக்கும் நமக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை இங்கிலீஷ்தான். அதிலேயே நீ புகுந்து விளையாடினாய். அவள் ஊரில் சிம்போராசோ அப்பா மலையாம், துங்குராவா அம்மா மலையாம். இரண்டும் சண்டை போட்டால் இடி இடிக்குமாம். "நம்ம வூட்டு கததான்டி" என்றாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் பனமலைக் கோயிலுக்கு ஏறினோம். மேலே நின்று ஏரியைப் பார்த்த ரோசா, இந்த மலை யாருக்கு அம்மா என்று கேட்டாள். நீ யோசிக்காமல் "எனக்குத்தான்" என்றாய்.

அதனாலோ என்னவோ, ஊருக்குக் கிளம்பும்போது அவள் அந்தக் கல்லை உன்னிடம்தான் கொடுத்தாள். எலுமிச்சம்பழம் அளவு, துளைத் துளையாக, சாம்பல் நிறம். கையில் வைத்தால் கனமே இல்லை. அம்மா மலை கக்கிய கல்லாம். இது பரிசு இல்லை, மலையின் பொருளை எடுத்தால் திரும்பக் கொண்டுவந்து வைக்க வேண்டும், அதுதான் எங்கள் வழக்கம், நீயே கொண்டு வா என்றாள். வருகிறேன் என்று நீ அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தாய்.

அப்புறம் நடந்த கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. உன் மாமியார் அதைக் குதிகால் தேய்க்கிற கல் என்று குளிக்க எடுத்துப் போனவர், அண்டாவுக்குள் நழுவ விட்டார். கல் மிதந்தது. கல் மிதந்தால் நம் ஊரில் சும்மா விடுவார்களா? ராமர் பாலத்துக் கல் என்று தெரு பூரா பேச்சு. அந்தச் சனிக்கிழமை உன்னோடு நானும் திண்டிவனம் வந்திருந்தேன். வாசலில் செருப்புக் குவியல். உள்ளே பித்தளைத் தவலைத் தண்ணீரில், மஞ்சளும் குங்குமமும் பூசிக்கொண்டு ரோசாவின் கல் ஜம்மென்று மிதக்கிறது. கற்பூரம் வேறு.

"ஐயோ, இது சாமி இல்ல அத்தை! நெருப்பு மலையோட கல்லு! வெளிநாட்டுக்காரி குடுத்தது!" என்று கத்தினாய்.

"வாயக் கழுவுடி. கல்லு மெதக்குதே, கண்ணு தெரியல?" என்றார் மாமியார்.

தொடவே விடவில்லை. நீ அழுதேவிட்டாய். பிறகு பின்கட்டுக்கு என்னை இழுத்துப் போய், "ஒரு பொய் சொல்லப் போறேன், சிரிச்சுத் தொலச்சிடாதே" என்றாய். உள்ளே போய்க் கண்ணை உருட்டி, "சாமி கனவுல வந்துச்சு. என்னிய என் ஊருல கொண்டு போய் வுடுன்னு கேக்குது" என்றாய். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. மாமியாரே கல்லை எடுத்துத் துடைத்து, மஞ்சள் துணியில் முடிந்து உன் கையில் வைத்தார். "அப்ப நீதான் கொண்டு போய் வுடணும். ஜல்தியா போ. சாமியக் காக்க வைக்கக் கூடாது."

கல் கிடைத்தது, பொய்யில் நீ மாட்டிக்கொண்டாய். அன்றிலிருந்து தெருவில் தலை காட்ட முடிந்ததா? "இன்னும் போவலயா?" மழை பெய்யாவிட்டாலும் உன் தலை, கொல்லையில் மல்லாட்டை காய்க்காவிட்டாலும் உன் தலை. "பேஜாரா போச்சுடி" என்று புலம்புவாய். உள்ளுக்குள் உனக்குச் சந்தோஷம்தான், எனக்குத் தெரியாதா? கிளம்ப ஒரு சாக்கு கிடைத்துவிட்டது. பாஸ்போர்ட் எடுத்தாய். மாமியார் படுக்கையில் விழுந்தார். பாஸ்போர்ட் காலாவதியாகி மறுபடி எடுத்தாய். பிள்ளைகள் படிப்பு, கல்யாணம், முட்டி வலி. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் படுத்த பிறகும் உன் கால் போர்வைக்குள் ஆடிக்கொண்டே இருந்தது. முடிச்சை என் கையில் திணித்து, "நீ போய் வச்சுட்டு வாடி. வாக்கு குடுத்துட்டேன்" என்றாய். நான் சரி என்று சொல்லும்போதே உன் கால் ஆட்டம் நின்றுவிட்டது. சொன்னது உன் காதில் விழுந்ததா? அது தெரியாமல்தான் இந்தப் பாடு படுகிறேன், இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.

பஸ் ஹாரன் அடிக்கிறது. போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

வந்துவிட்டேன். சாயங்காலம்.

இந்தச் சுற்றுலாக்காரர்களோடு மல்லுக்கட்டுவது பெரும்பாடு. சந்தையைப் பார், கம்பளி நெய்கிற வீட்டைப் பார், அவித்த உருளைக்கிழங்கைத் தின்னு, உடனே பஸ்ஸில் ஏறு. ரோசாவின் கிராமம் அவர்கள் வழியிலேயே இல்லை. நான் வழிகாட்டியிடம் தமிழிலேயே கத்தினேன். மகள் இங்கிலீஷில் கெஞ்சினாள். தொல்லை தாங்காமல் எங்களை மட்டும் ஒரு வேனில் அனுப்பி வைத்தான். அங்கே போய் ரோசா வீடு எது என்று கேட்டால் சிரிக்கிறார்கள். வீட்டுக்கு ஒரு ரோசா இருக்கிறாளாம்!

சரி, மலையிடமே கொடுத்துவிடலாம் என்று ஏறினோம். பாதை முழுக்க உன் கல்தானடி! செருப்புக்கடியில் நொறுநொறுவென்று மிதிபடுகிறது. துணி துவைக்கிற இடத்தில் ஒருத்தி அதை வைத்துக் குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உன் மாமியார் மேல் தப்பே இல்லை.

அப்போது மேகம் விலகியது. அம்மாடி! அவ்வளவு பெரியதை இவ்வளவு நேரம் எங்கே ஒளித்து வைத்திருந்தார்கள்? கல்லை எடுத்து அம்மா மலை முன்னால் வைத்தேன். "பனமலைப் பொண்ணு குடுத்து அனுப்புச்சு" என்றேன். அத்தனை சாம்பல் கற்களுக்கு நடுவில் அது ஒன்றுதான் மஞ்சள்.

நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. திரும்பி நாலு அடி வைத்தவள் நின்றுவிட்டேன். நேற்று வரைக்கும் நீ எங்கேயோ கிளம்பிக்கொண்டிருந்தாய். இப்போது வாக்கு தீர்ந்துவிட்டது. உனக்குப் போக ஊர் இல்லை. நானே உன்னைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டேன். அங்கேயே சரிந்து ஓவென்று அழுதேன். ஆஸ்பத்திரியில்கூட நான் அப்படி அழவில்லை.

எழுந்தபோது என் கையில் வேறொரு கல் இருந்தது. மஞ்சள் படாத கல். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தொப்பிக்காரி ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு என்னமோ அதட்டினாள். கூட வந்த வேன் டிரைவரிடம் கேட்டு மகள் சொன்னாள்: "எடுத்துக்கினு போனா, திரும்பக் கொண்டாந்து வைக்கணுமாம்மா."

"தெரியும்னு சொல்லு" என்றேன்.

அதே துணியில்தான் முடிந்து வைத்திருக்கிறேன். எப்போது கிளம்பலாம், சொல்லடி.