மஞ்சள் கொடிக்கயிறு

பால்கனிக்குப் பெயிண்ட் அடிக்க நாளை ஆள் வருகிறது, துணிக்கொடியைக் கழற்றிவிடு என்றார் வீட்டுக்காரர். நீ மாட்டிய கிளிப்புகள் இன்னும் அதில்தான் இருக்கின்றன. எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல் ஏறி எல்லாம் ஒரே நிறமாகிவிட்டன.

அது கொடிக்காக வந்ததே அல்ல, மஞ்சள் உறை போட்ட கண்ணாடி இழைக் கேபிள். ஒரு முனை உடைந்ததென்று லேபில் தூக்கிப்போட்டதை, என் வேலையை உனக்குக் காட்டத்தான் கொண்டுவந்தேன். எங்கள் குவாண்டம் கணினியின் சில்லு ஒரு குளிர்கலத்தின் அடியில், விண்வெளியைவிடக் குளிரான இடத்தில் தொங்குகிறது. உலோகக் கம்பி வழியே கட்டளை அனுப்பினால் வெளிச்சூடும் கூடவே இறங்கிவிடும். முடி கனத்தில் கண்ணாடி இழை விட்டு, ஒளியாக அனுப்பி, அடியில் மின்துடிப்பாக மாற்றிக்கொண்டால் சூடு அவ்வளவாகப் போகாது. நான் சொல்லச் சொல்ல நீ வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாய்.

"அப்போ நீயும் கண்ணாடிதான் மாமா. லேபுல கீறப்ப 'சாப்டியா'ன்னு சேதி வருது. சூடுதான் வர்ல."

மறுநாள் திரும்பி வந்தால் கேபிள் கொடியாகியிருந்தது. சுவர்க் கொக்கியில் இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தாய். இப்படி மடக்கினால் ஒளி அதைத் தாண்டிப் போகாது என்று கத்தினேன்.

"வெளிச்சம் போவாட்டி இன்னா, துணி காயுதுல்ல?" என்று என் சட்டையையே எடுத்து அதில் போட்டாய்.

காய்ச்சல் என்று படுத்தாய். பிறகு எழுந்திருக்கவில்லை. மூலக்கொத்தளம் மயானத்தில் உன்னை விட்டுவிட்டு வந்த கொஞ்ச நாளிலேயே வேலைக்குப் போய்விட்டேன். ஒளியும் உள்ளே விழுந்தால் கடைசியில் சூடுதான். சேதி போய்ச் சேரும் அளவுக்கு மட்டும் விட்டு, மிச்சத்தைக் குறைக்க வேண்டும். குறைப்பதுதான் என் வேலை. நன்றாகவே செய்கிறேன். அழுகையும் வருவதில்லை, அதுதான் உன் அம்மாவுக்குக் கவலை.

இன்று சாயங்காலம் அத்தை மாத்தூரிலிருந்து வந்திருந்தார். நான் முடிச்சோடு மல்லுக்கட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அவுக்க வர்லன்னா அறுத்துடு நைனா," என்றார்.

இழை அறுப்பது எனக்குத் தினசரி வேலை. கருவி பையிலேயே இருந்தது, எடுத்தேன். கூடவே, இழை எங்கே உடைந்திருக்கிறதென்று பார்க்கும் சிவப்பு விளக்கும் கையில் வந்தது. பழக்கத்தில் அதை நல்ல முனையில் செருகிவிட்டேன்.

இருட்டிக்கொண்டு வந்தது. கொடி நெடுக எதுவும் தெரியவில்லை. உன் முடிச்சில் மட்டும் சிவப்பாகக் கசிந்தது. அத்தை கிட்டே வந்து அதைத் தொட்டுப் பார்த்தார். ரொம்ப நேரம் விரலை எடுக்கவில்லை.

"சூடே இல்லியே நைனா," என்றார்.

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

அறுக்கவில்லை. சுவரிலிருந்து கொக்கியையே திருகிக் கழற்றினேன். கொடி முடிச்சோடும் கிளிப்புகளோடும் மேசைமேல் கிடக்கிறது, விளக்கை இன்னும் எடுக்கவில்லை. உன் முடிச்சு வரைக்கும்தான் வெளிச்சம் வருகிறது. அதைத் தாண்டிப் போகாதென்று அன்று உன்னிடம் கத்தினேன். இப்போது, தாண்டிப் போக வேண்டாம் என்றிருக்கிறது.