கை சுத்தம்

பெரும்பாக்கம்
28.6.2025

அன்புள்ள ஷண்முகப்ரியா அக்காவுக்கு,

கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். ஃபோன் இருக்கும்போது இதென்ன வேலை என்று நினைப்பீர்கள். வாட்ஸ்அப்பில் மூன்று முறை எழுதி மூன்று முறையும் அழித்தேன். 'டைப்பிங்' என்று வந்து வந்து மறைவதை நீங்கள் பார்த்திருப்பீர்களோ என்று வேறு பயம். அடையாறு மரப்பட்டறையில் ஆறு மாதம் ஞாயிறுதோறும் பக்கத்து மேஜையில் நின்றும், நான் உங்களிடம் பேசியது "அக்கா, அந்தக் கிளாம்ப் வேணும்" என்பது மட்டும்தான். இப்போது பட்டறையையே மூடிவிட்டார்கள். உங்கள் முகவரி அங்கிருந்த வருகைப் பதிவேட்டிலிருந்து என்னிடம் இருக்கிறது. அதைக் குறித்துக்கொண்டதற்கும் சேர்த்து மன்னிப்பு.

எழுதக் காரணம் உங்கள் டிராயர். கடைசி நாள் அது பாதியில் சிக்கிக்கொண்டு உள்ளே போகாமல் முரண்டு பிடித்தது அல்லவா? பக்கப் பலகையில் ஒரு நூல் இழைத்தால் போதும். அன்றே சொல்ல நினைத்தேன். எல்லோரும் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்ததால் வாய் வரவில்லை.

நான் வீட்டில் சுவரோடு மடிகிற மேஜை ஒன்று செய்தேன். பெருங்குடியில் எங்கள் ஆபீசுக்கு ஏசி வந்த மரப்பெட்டியைக் கேட்டு வாங்கி, பஸ்ஸில் இரண்டு நடையாகக் கொண்டுவந்தேன். கண்டக்டர் "இன்னாமா, வூடு காலி பண்றியா?" என்றார். சுவரை அளந்தேன், உயரம் அளந்தேன், அம்மா உட்கார்ந்தால் முட்டி இடிக்குமா என்றுகூட அளந்தேன். வாசல் கதவு உள்பக்கம் திறக்கும் என்பதை மட்டும் மறந்துவிட்டேன். மேஜையை இறக்கிவைத்து ரசித்துக்கொண்டிருக்கும்போது அப்பா வேலையிலிருந்து வந்தார். கதவு நாலு விரல்தான் திறந்தது. அந்தச் சந்து வழியாக, "வூட்ட மாத்திட்டியா, இல்ல அப்பனையே மாத்திட்டியா?" என்று கேட்டார்.

கீலைக் கழற்றி வேறு சுவரில் மாட்ட வேண்டும். மாடி மேல் மாடியாக வீடுகள் இருப்பதால் ஆணி அடித்தால் கீழ்வீட்டு ரத்னா அக்கா மேலே வந்துவிடுகிறார். அதனால் திருகாணிதான், மெதுவாகத்தான்.

பதில் எழுத வேண்டும் என்று இல்லை.

அன்புக்கரசி


மயிலாப்பூர்
5.7.2025

அன்புள்ள அன்பு,

(எழுதும்போதே சிரிப்பு வருகிறது. உனக்குக் கடிதம் எழுதுகிறவர்களுக்கு எல்லாம் இந்தக் கஷ்டம் இருக்கும்.)

எத்தனை வருடம் கழித்து என் பெயருக்கு ஒரு கடிதம்! வாட்ச்மேன் இன்கம்டாக்ஸ் என்று பயந்து ஓடிவந்து கொடுத்தார். ஆறு மாதம் பக்கத்தில் நின்ற பெண்ணுக்கு இவ்வளவு பேசத் தெரியும் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

டிராயர் விஷயம் கேள். ஒரு நூல் என்று எழுதியிருந்தாய். நான் தையல் டப்பாவிலிருந்து நூலை எடுத்துப் பலகையில் ஒட்டிப் பார்த்து, சரியாக அந்தக் கனத்துக்கு இழைத்தேன். ஒரு மணி நேரம். டிராயர் அசையவில்லை. என் வீட்டுக்காரர் ஹரி கடைக்குக் கிளம்பும் அவசரத்திலும் நின்று, "ஊசில கோத்துப் பாரேன், போகும்" என்று சொல்லிவிட்டுப் போனார். இவருக்கு டி.நகரில் பாத்திரக் கடை. எவர்சில்வர்தான் உலகம், மரம் என்றால் கரையான் என்று நினைக்கிற ஆள்.

வாஷிங் மெஷினுக்கு மேலே ஒரு ஷெல்ஃப் அடித்திருக்கிறேன். மெஷின் சுழலும்போது சோப்பு டப்பா தானாக நடந்து ஓரத்துக்கு வந்து குதிக்கிறது. மற்றபடி நன்றாக இருக்கிறது.

எங்கள் ஃப்ளாட்டின் கீழே எங்கள் கார் நிற்கும் இடத்தில் மேஜை போட்டிருக்கிறேன். கார் ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய்விடும். நீ வா. லிஃப்ட் பக்கத்தில் செருப்பு மாட்ட உட்காருவதற்கு ஒரு பெஞ்ச் செய்யலாம் என்று ஆசை. தனியாகச் செய்தால் அதுவும் சோப்பு டப்பா மாதிரி நடக்கும். கட்டாயம் வா.

ப்ரியா அக்கா


பெரும்பாக்கம்
10.7.2025

அன்புள்ள அக்கா,

தவறு என்னுடையது. நூல் என்றால் தையல் நூல் இல்லை. ஒரு இஞ்சை எட்டாகப் பிரித்தால் அதில் ஒன்று. மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு பொட்டு அதிகம். வீட்டில் கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் தெரிந்த சொல் என்று நினைத்துவிட்டேன்.

ஏன் வீட்டில் கேட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா பெயர் சேட்டு. சென்ட்ரிங் கார்பென்டர். கட்டடங்களுக்குக் கான்கிரீட் போடும் முன் பலகை அடிக்கிற வேலை. பட்டறையில் முதல் நாள் வட்டமாக உட்காரவைத்து, இந்தப் பொழுதுபோக்கு எப்படி வந்தது என்று ஒவ்வொருவரையும் கேட்டார்களே, நான் "வீடியோ பார்த்து" என்றேன். பொழுதுபோக்கு என்று எல்லோரும் சொல்லும் இடத்தில் எங்கள் வீட்டுப் பிழைப்பைச் சொல்ல எனக்கு வரவில்லை. எங்கள் வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். கணக்குப் பிரிவில் ஏசியில் உட்கார்ந்திருக்கிறேன். அப்பாவுக்கு இது புரியவே இல்லை. "நாள்பூரா நான் அட்ச்சினு கீறேன். லீவு நாள்ல நீ இன்னாத்துக்குமே அடிக்கிற?" என்கிறார்.

உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன். ஞாயிறு வருகிறேன்.

அன்புக்கரசி


மயிலாப்பூர்
26.8.2025

அன்புள்ள அன்பு,

டிராயர் உள்ளே போய்விட்டதை நீயே பார்த்தாய். மூன்று ஞாயிறு சேர்ந்து வேலை செய்தோம். பெஞ்சுக்கு நாலு காலும் ஆயிற்று. அப்புறம் என்ன ஆனது? நாலு வாரமாக நீ வரவில்லை. ஃபோனில் கேட்டால் "ஆபீஸ் வேலை அக்கா" என்று ஒரு வரி. நான் பெஞ்சைத் தனியாகப் பொருத்தப் போய், ஒரு காலைத் தலைகீழாக ஒட்டிவிட்டேன். பசை காய்ந்துவிட்டது. பார்த்தால் நீ அழுவாய்.

எதிர் ஃப்ளாட் மாமி உன்னைப் புகழ்ந்து தள்ளுகிறார். நேற்றுகூட லிஃப்டில் பிடித்துக்கொண்டு, "உங்க பொண்ணு எப்போ வருவா? எங்காத்து அலமாரிக் கதவும் உரசறது" என்றார். பெரிய ஆளாகிவிட்டாய்!

அன்பு, நான் ஏதாவது சொன்னேனா? யோசித்து யோசித்துப் பார்த்தும் பிடிபடவில்லை. நீ பேசமாட்டாய் என்று தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். எழுது.

ப்ரியா அக்கா


பெரும்பாக்கம்
2.9.2025

அன்புள்ள அக்கா,

நல்லவர் ஒருவரிடம் குறை சொல்வது எனக்குப் பழக்கமில்லை. நாலு தாள் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

மூன்றாவது ஞாயிறு, நாம் பெஞ்சுக் காலுக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தபோது மாமி கீழே வந்தார். என்னைப் பார்த்துவிட்டு உங்களிடம் கேட்டார்.

"புது கார்பென்டரா? பொண்ணா இருக்காளே! எங்காத்து பெட்ரூம் கதவு மழைக்கு ஊதிண்டு சாத்தவே மாட்டேங்கறது. வந்து பார்ப்பாளா?"

நீங்கள், "நம்ம பொண்ணுதான் மாமி, தாராளமா கூட்டிட்டுப் போங்க. கை ரொம்ப சுத்தம்" என்றீர்கள்.

"அப்போ சரி. நீங்க சொன்னா போறும். இந்தக் காலத்துல யாரை நம்பி உள்ள விடறது?"

நீங்கள் சிரித்துவிட்டுப் பசை டப்பாவைத் தேடப் போய்விட்டீர்கள். நானும் இழைப்புளியை எடுத்துக்கொண்டு மாமியின் பின்னால் போனேன். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் இருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

நீங்கள் என்ன அர்த்தத்தில் சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியும். வேலை சுத்தம், பிசிறு இருக்காது என்று. மாமிக்கு அது வேறு மாதிரி காதில் விழுந்தது. நான் கதவைக் கழற்றிக் கீழே சாய்த்தபோது, மாமி கண்ணாடி மேஜை மேல் இருந்த இரண்டு வளையல்களைக் கையில் எடுத்தார். அப்புறம் ஒரு கணம் நின்று, "ப்ரியாவே சொல்லிட்டாளே" என்று எனக்குக் கேட்கும்படியே சொல்லிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார். அவர் என்னை நம்பியதைக் காட்டத்தான் அப்படிச் செய்தார். நல்ல காபி கொடுத்தார். எந்த ஊர், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்றெல்லாம் கேட்டார். என்ன படித்தேன் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கீழே இறங்கி வந்தபோது, "முடிச்சிட்டியா? சூப்பர்" என்றீர்கள்.

வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "இன்னா, மயிலாப்பூர் போலியா? அந்தக்கா கோச்சிக்கிச்சா?" என்று அப்பா கேட்டார். நடந்ததைச் சொன்னேன்.

"கை சுத்தம்னுதான சொன்னாங்க? நல்ல வார்த்த தானமே அது. என்னாண்ட அத்த சொல்றதுக்கு மேஸ்திரிக்கு பதினெட்டு வருசம் ஆச்சு."

அக்கா, எனக்கு அன்று இருந்த கோபம் அதோடு போய்விட்டது. ஆனால் குழப்பம் கூடிவிட்டது. கார்பென்டர் என்று கூப்பிட்டால் அப்பா திரும்பிப் பார்ப்பார். அது எனக்கு மட்டும் ஏன் சுருக்கென்றது? அப்பாவை நினைத்து நான் வெட்கப்படுகிறேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பஸ்ஸில், ஆபீசில், கணக்கு எழுதும்போதுகூடக் கேட்டேன். இல்லை. மாமி கார்பென்டர் என்றது வலிக்கவில்லை. அவர் என்னைப் புது கார்பென்டரா என்று கேட்டபோது, நீங்கள் இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. அப்பாவைப் பற்றி உங்களிடம் சொல்லாமல் இருந்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பீர்களோ என்று ஒரு நினைப்பு வந்தது. அதுதான் என்னை ஞாயிறுகளில் வீட்டில் உட்காரவைத்தது. அது உண்மையில்லை என்றால் என்னை மன்னித்துவிடுங்கள்.

தலைகீழாக ஒட்டிய காலை இழுக்காதீர்கள், மரம் பிளந்துவிடும். ஈரத்துணியைச் சுற்றி, மேலே சூடான இஸ்திரிப்பெட்டியை வைத்து எடுத்தால் பசை இளகும். நான் வந்து எடுத்துத் தருகிறேன். மேஜையை வேறு சுவரில் மாட்டியாயிற்று. அம்மா அதில் காய் நறுக்குகிறார். அதைப் பார்க்க நீங்களும் ஒரு நாள் இங்கே வர வேண்டும்.

வரும் ஞாயிறு வருகிறேன் அக்கா. மாமியின் அலமாரிக் கதவையும் சரிசெய்து தருகிறேன். எனக்குப் பிடித்த வேலைதான் அது. அதற்கு முன்னால் ஒன்றே ஒன்று. நான் பக்கத்தில் நிற்கும்போதே, என் பெயரைச் சொல்லி, நான் உங்களுக்கு யார் என்று மாமியிடம் ஒரு முறை சொல்வீர்களா?

அன்புக்கரசி