மூக்கைத் தொட்டால் மூன்றாவது விடை

ஜூலை 15, செவ்வாய்

இன்று என் மூக்குக்குத்தான் மாலை போட வேண்டும்.

பரிபூரணம் டீச்சர் எங்களுக்கு அறிவியல் எடுக்க வந்து ஒரு மாதம் ஆகிறது. தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி ராஜபாளையம் வருகிறார். மின்னோட்டப் பாடம் தொடங்கும் முன் ஒரு முன்தேர்வு வைத்தார். பத்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நாலு விடை.

"மார்க் கிடையாது. பேரும் எழுத வேண்டாம். ஒங்களுக்கு எது தெரியும், எது தெரியாதுன்னு பாத்துட்டுத்தான் பாடத்தை எங்க ஆரம்பிக்கணும்னு முடிவு பண்ணுவேன்" என்றார்.

மார்க் இல்லை, பேர் இல்லை. இருந்தாலும் பரீட்சையைப் பார்த்ததும் கை சும்மா இருக்குமா? 'ஏ' பிரிவு முதல் பீரியடிலேயே எழுதிவிட்டது. அங்கே முதல் ரேங்க் கௌதம்ராஜ். இடைவேளையில் அவனிடம் விடைகளை வாங்கி உள்ளங்கையில் ஏற்றிக்கொண்டேன். எங்கள் 'பி' பிரிவில் பெஞ்சுகளைச் சுவரோரமாக ப வடிவில் போட்டிருப்பதால் எல்லாருக்கும் என் முகம் தெரியும். தலையைத் தொட்டால் அ, காது ஆ, மூக்கு இ, தாடை ஈ. நாங்கள் கூச்சப்படக் கூடாதென்று டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். முப்பத்தோரு பேர் என்னைப் பார்த்து எழுதினார்கள்.

ஏழாவதில் மட்டும் சின்னக் கோளாறு. தலைக்குக் கையைக் கொண்டுபோன நேரம் மூக்கில் ஓர் ஈ. தட்டிவிட்டேன். உட்கார்ந்தது ஈ, வகுப்பு போட்டது இ. நான் மட்டும் மாற்றி எழுதுவது துரோகம் என்று நானும் இ. போகட்டும், பத்துக்கு ஒன்பது.

ஜூலை 16, புதன்

டீச்சர் முகத்தில் ஆயிரம் வாட்ஸ். "ஒன்பது கேள்வி எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. அடிப்படைக்குன்னு ஒதுக்குன நாலு பீரியட் மிச்சம். நேரா கணக்குக்குப் போயிரலாம். ஆனா ஏழாவது கேள்வி..."

ஏழாவது: மின்னோட்டத்தை அளக்கும் கருவி எது? விடை அம்மீட்டர். நாங்கள் முப்பத்திரண்டு பேரும் தெர்மாமீட்டர் என்று எழுதியிருக்கிறோம்.

ஒரு முழுப் பீரியட் அம்மீட்டருக்கே போனது. படம் வரைந்தார். கருவியை ஆளாளுக்குக் கையில் கொடுத்து இணைக்கவைத்தார். கடைசி பெஞ்சு ஆல்வினிடம் மூன்று தடவை கேட்டார். "தெர்மாமீட்டர் இல்ல டீச்சர். சத்தியமா இல்ல" என்று கும்பிட்டான்.

"கரன்டுக்குக் காய்ச்சல் வந்தா டீச்சர்?" என்றேன். வகுப்பே உருண்டது. டீச்சரும் சிரித்தார்.

ஜூலை 18, வெள்ளி

பக்கத்து 'ஏ' பிரிவில் ஒரே கும்மாளம். அவர்கள் உண்மையாக எழுதி, சராசரி நாலு வாங்கியவர்கள். அதனால் அவர்களுக்கு பேட்டரி, பல்பு, ஒயர் என்று ஆனா ஆவன்னாவிலிருந்து. எங்களுக்குப் பலகை நிறைய R1, R2, R3.

"ஏட்டி செல்வி, மின்தடைன்னா என்னட்டி?" என்று காளீஸ்வரி கேட்டாள். இப்போதைக்கு இந்தப் பாடம்தான் என்றேன்.

ஜூலை 22, செவ்வாய்

அலகுத் தேர்வு. இருபத்தைந்துக்கு நான் நாலு, ஆல்வின் மூன்று, காளீஸ்வரி தாளை மடித்து மடித்து மாத்திரை அளவுக்கு ஆக்கிவிட்டாள். அம்மீட்டர் கேள்வி மட்டும் எல்லாருக்கும் சரி.

ஜூலை 23, புதன்

சாக்பீஸ் எடுக்கப் போனேன். தலைமையாசிரியர் ஐயாதுரை சார் அறையில் டீச்சர் நின்றுகொண்டிருந்தார்.

"முன்தேர்வுல பத்துக்கு ஒன்பது. நீங்க பாடம் நடத்துன பொறவு இருபத்தஞ்சுக்கு நாலு. தெரிஞ்சதையும் மறக்க வச்சிட்டீங்களோ? ஒங்களைக் காலாண்டு வரைக்கும்தான் தற்காலிகமாப் போட்டிருக்கு. 'பி' பிரிவு இப்படியே போனா, பொறவு வச்சுக்கிடச் சொல்லி நான் எந்த முகத்தோட கேக்க?"

"என் தப்புதான் சார். நடத்துறதுல எங்கயோ பிசகிட்டேன்."

என் தப்பு என்றார். அவருடைய தப்பு. அவருடையதா?

சாக்பீஸ் எடுக்காமலே திரும்பிவிட்டேன். இன்று யாரையும் கலாய்க்கவில்லை. காய்ச்சலா என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். தெர்மாமீட்டர் ஞாபகம் வந்து அழுகையாக வந்தது.

ஜூலை 24, வியாழன்

சாயங்காலம் டீச்சர் ஏறின பஸ்ஸில் நானும் ஏறிவிட்டேன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்ததும், "ஏ, ஒன் வீடு இங்கதான, எங்க வாரே?" என்றார்.

ஊர் தாண்டும்வரை டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரே மூச்சில் கௌதம்ராஜ், உள்ளங்கை, தலை, காது, மூக்கு, ஈ, எல்லாம் கொட்டினேன்.

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டினால்கூடத் தேவலை.

"அப்ப ஒரு ஈக்காக நான் ஒரு பீரியட் எடுத்திருக்கேன்."

"ஆமா டீச்சர். ரொம்ப நல்லா எடுத்தீங்க."

சிரித்துவிட்டார். கண்ணைத் துடைத்தபடிதான். "எனக்கு அப்பவே உறுத்துச்சு. முப்பத்திரண்டு பேரும் தெர்மாமீட்டர்னா... ஆனா மத்த ஒன்பதும் நெசமா இருக்கணும்னு ஆசையா இருந்துச்சு."

ஐயாதுரை சாரிடம் நானே சொல்கிறேன் என்றேன். "அது இருக்கட்டும். எனக்கு வேற ஒண்ணு வேணும். முன்தேர்வை மறுபடி வைக்கேன். தப்பா எழுதுறவங்க ஏன் அப்படி நெனைக்காங்கன்னு கேட்டு எழுதிட்டு வா. எங்கிட்ட வெக்கப்படுவாங்க. ஒங்கிட்ட சொல்வாங்க."

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, என்னைத் திரும்பும் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத்தான் போனார். வீட்டில் அம்மா வாசலில். அதை எழுதினால் நோட்டு பத்தாது.

ஜூலை 25, வெள்ளி

டீச்சர் வரும் முன் எழுந்து நின்று சொன்னேன்: போட்டுக்கொடுத்துவிட்டேன், நம்மால் டீச்சர் வேலை போகப்போகிறது.

"ஒனக்குக் கிறுக்காட்டி?" என்றான் ஆல்வின். காரணத்தைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டான்.

மறுபடி எழுதினோம். மூக்கு அரித்தது. கையை வைக்கவில்லை. சராசரி மூன்று. எனக்கு இரண்டு!

மத்தியானம் சோற்று டப்பாவோடு ஒவ்வொருவராகப் பேட்டி. யாரும் வாயைத் திறக்கவில்லை. முதலில் என் தப்பைச் சொன்னேன்: சுவிட்ச் பக்கத்தில் இருந்தால்தான் பல்பு சீக்கிரம் எரியும் என்று இத்தனை வருஷம் நம்பியிருக்கிறேன். சிரித்தார்கள். பிறகு கொட்டியது. முதல் பல்பு கரன்டைக் குடித்துவிடும், மிச்சம்தான் அடுத்ததுக்கு என்றான் ஆல்வின். காளீஸ்வரி தயங்கித் தயங்கி, "ரெண்டு ஒயர்லயும் ரெண்டு கரன்டு வருது, மோதிக்கிடுது, அந்த வெளிச்சம்தான்" என்றாள். எனக்கு அது பாடத்தைவிட அழகாகப் பட்டது. பதினேழு வகைத் தப்பு. ஒன்றுகூட முட்டாள்தனமாக இல்லை.

ஜூலை 28, திங்கள்

ஆடிப்பூரத் தேருக்கு விடுமுறை. சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஊரே கோபுரத்தைப் பார்க்க, நான் சீரியல் பல்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசி பல்பு மங்கலாகவே இல்லையே. ஆல்வின்?

ஜூலை 29, செவ்வாய்

ஆல்வினின் தப்பு பலகையில் ஏறியது. பேர் போடாமல். "இப்படி நெனைக்கிறதுக்கு நியாயம் இருக்கு. சரியான்னு பாப்போம்" என்றார் டீச்சர். பல்புக்கு முன்னால் ஓர் அம்மீட்டர், பின்னால் ஓர் அம்மீட்டர். இரண்டையும் எப்படி இணைப்பது என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஈயின் பீரியட்!

இரண்டிலும் ஒரே அளவு. ஆல்வின் எழுந்து போய் மூன்று தடவை பார்த்தான். "அப்ப குடிக்கவே இல்லியா டீச்சர்?"

நாளைக்குக் காளீஸ்வரியின் மோதல்.

ஆகஸ்ட் 21, வியாழன்

இப்போது கும்மாளம் எங்கள் வகுப்பில். கௌதம்ராஜ் ஜன்னலில் எட்டிப் பார்க்கிறான். அடுத்த பாடத்துக்கு முன்தேர்வு எழுதினோம். எனக்குப் பத்துக்கு ஒன்று. தாளைக் கம்பீரமாகக் கொடுத்தேன்.

செப்டம்பர் 18, வியாழன்

காலாண்டு அறிவியல். கை முழுக்க மை, உள்ளங்கை மட்டும் சுத்தம்.

அக்டோபர் 7, செவ்வாய்

முப்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டு பாஸ். 'ஏ' பிரிவில் இரண்டு பேர் ஃபெயில். எனக்கு எழுபத்தொன்று. காளீஸ்வரிக்கு எண்பத்தாறு, திமிரைப் பார்க்க வேண்டுமே.

ஐயாதுரை சாரிடம் போய் நின்று ஜூலை மாதத்துக் கதையைச் சொன்னேன். முழுதும் கேட்டார். "டீச்சர் அன்னைக்கே சொல்லிட்டாங்க. நீ வருவியா மாட்டியான்னுதான் பாத்துட்டிருந்தேன்" என்றார். "டீச்சர் இனி இங்கதான். ஒனக்குத் தண்டனை, ஒரு வாரம் ஆய்வகம் கூட்டணும்." கூட்டுகிறேன். ஆடிக்கொண்டே கூட்டுகிறேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

டீச்சர் வீடு மாறினார். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு தெரு தள்ளி. நானும் ஆல்வினும் காளீஸ்வரியும் பாத்திர மூட்டைகளை இறக்கினோம். கூடத்து விளக்கு எரியவில்லை. எலக்ட்ரீசியன் நாளைக்குத்தான் வருவார் என்றார் வீட்டுக்காரர். காளீஸ்வரி மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னாள், ஸ்டூலில் ஏறினாள், ஹோல்டரைக் கழற்றி உள்ளே பார்த்தாள். "ஒரு ஒயர் வெளிய வந்துருக்கு டீச்சர். போன கரன்டு திரும்பி வர வழியில்ல" என்றாள்.

முறுக்கி மாட்டினாள். டீச்சர் மெயின் சுவிட்சைப் போட்டார்.