இவருக்குப் பதில் இவர்

அக்கா,

இன்று மதியம் அந்த அட்டை மறுபடி வந்தது. நம் தொடரை இப்போது மதிய வேளையில் மறு ஒளிபரப்பு செய்கிறார்கள். அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. ஆரம்ப இசை காதில் விழுந்து கூடத்துக்கு ஓடிவந்தால், திரையில் பழைய அமுதினியின் படமும் பக்கத்தில் புது அமுதினியின் படமும். "இனி இவருக்குப் பதில் இவர்." பள்ளி விடுமுறை என்பதால் உங்கள் மகள் அனு சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையில் கரண்டியோடு அவளுக்குப் பின்னால் நின்றேன்.

முதல்முறை அந்த அட்டை வந்தபோது இதே ஒக்கலிபுரம் வீட்டில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்போது நான் கீழ் வீட்டில் குடியிருந்தவள். வாணியம்பாடியிலிருந்து வேலைக்கு வந்து, சொந்தமாக டிவி வாங்காமல், தினமும் சாயங்காலம் உங்கள் படியேறி வருகிறவள். நடிகை விலகிவிட்டாள், ஆளை மாற்றிவிட்டார்கள், அவ்வளவுதான் என்று ஊரே விட்டுவிட்டது. நீங்கள் விடவில்லை.

"நடிகை மாறலடி. கதைக்குள்ளயே ஆள் மாறிட்டா. நிஜ அமுதினி அந்த மாடி ரூம்ல பூட்டிக் கிடக்கறா. இவ வேற எவளோ, அவ புடவையக் கட்டிட்டு வந்துட்டா."

"ஐயோ அக்கா, அதான் அட்டை போட்டாங்களே."

"நம்மள ஏமாத்தத்தான் போடறாங்க. நோடு, நல்லாப் பாரு, பழையவ காபிய ஆத்தாம குடிப்பா. இவ ஆத்தறா. கேமரா சும்மா அங்க போகுமா?"

கேமரா சும்மா போகாது என்பது உங்கள் கட்சி. அன்றிலிருந்து எனக்கும் பைத்தியம் பிடித்தது. மறுநாள் போனில் காட்சியை நிறுத்தி, பெரிதாக்கி, வளையலைப் பார்ப்போம், வாசல் கோலத்தைப் பார்ப்போம். வீட்டுக்குப் பின்னால் ரயில் போகிற சத்தத்தில் காதில் விழாமல் போன வசனங்களை நாமே இட்டுக்கட்டிக்கொள்வோம். நம் யூகங்களில் பாதி அப்படிப் பிறந்தவைதான். ரசிகர் குழுவில் ஆனேக்கல்காரி ஒருத்தி தொடரில் வரும் சமையல்காரர் மேல்தான் சந்தேகம் என்று குரல் பதிவு போட்டுக்கொண்டே இருப்பாள். "சும்னிரம்மா" என்று போனைப் பார்த்தே அவளை அடக்குவீர்கள்.

ஒருநாள் நான் கேட்டேன், ஒரு வீட்டில் மருமகளே மாறிப்போனால் யாருக்கும் தெரியாமலா இருக்கும் என்று.

"பொம்பள மாறினா யாருக்குடி தெரியும்? நேரத்துக்கு டிபன் வந்தா போதும். கொழந்தைக்கு மட்டும் தெரியும்" என்றீர்கள். உங்கள் வீட்டுக்காரர் நாற்காலியில் போனை நோண்டிக்கொண்டிருந்தவர், "ஏதாவது சொன்னியா?" என்றார். "பாத்தியா!" என்று என் தொடையில் அடித்துச் சிரித்தீர்கள். எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

பிறகு உங்கள் வயிற்றுவலி வந்தது. அது வெறும் வயிற்றுவலி இல்லை என்று எங்களுக்குத் தெரிந்தபோது வைத்தியத்துக்கு அதிக நாள் மிச்சமிருக்கவில்லை. தொடரின் கடைசி நாளுக்கு நீங்கள் இல்லை. நான் கீழ் வீட்டில் தனியாக, போனில் பார்த்தேன். மாடி அறையைத் திறந்தார்கள். உள்ளே உடைந்த தொட்டிலும் தூசியும்தான் இருந்தன. புது அமுதினி வெறும் அமுதினிதான்; ஆள்மாறாட்டமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நீங்கள் இருந்திருந்தால் ரிமோட்டைத் தூக்கி அடித்திருப்பீர்கள். அன்று நான் அழுதது உங்களுக்காகவா, கதைக்காகவா என்று தெரியவில்லை.

அதன்பிறகு நடந்ததை உங்களிடம் எந்த முகத்தோடு சொல்வது? உங்கள் அம்மாதான் கேட்டார்கள். "புதுசா எவளோ வந்து கொழந்தையப் பழக்கறதுக்கு, தெரிஞ்ச நீயே வந்துடேம்மா." மல்லேஸ்வரத்துக் கோயிலில் நாலு பேர் முன்னிலையில் தாலி ஏறியது. நீங்கள் 'அவர்' என்று சொல்லிவந்தவரை இப்போது நானும் 'அவர்' என்கிறேன். ஒவ்வொரு முறையும் நாக்கு ஒரு கணம் தயங்குகிறது.

வந்த புதிதில், அனுவுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் உங்களைப் போலவே செய்தேன். உங்கள் அளவுக்கே சட்னியில் புளி, உங்கள் மாதிரியே பின்னல், சாயங்காலம் அதே இடத்தில் விளக்கு. ஒருநாள் அவள் தட்டைத் தள்ளிவிட்டு, "அம்மா மாதிரி பண்ணாதீங்க. பயமா இருக்கு" என்றாள். அந்தத் தொடரில் குழந்தை மட்டும் புது அமுதினியிடம் போகாமல் சுவரோடு ஒட்டி நிற்குமே, அதேபோல் நின்றாள். அன்றிலிருந்து என் ஊர்ச் சமையலைச் செய்கிறேன். அவள் சாப்பிடுகிறாள். என்னை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடுவதில்லை.

இன்று மதியம் அட்டை மறைந்து விளம்பரம் வந்ததும், திரும்பாமலே கேட்டாள்.

"அம்மா கடைசில தியரிய மாத்திட்டாங்க, தெரியுமா?"

"எப்போ?"

"ஹாஸ்பிட்டல்ல. யாருகிட்டயும் சொல்லாதன்னாங்க. புதுசா வந்தவ திருடி இல்லையாம். பழைய அமுதினியே கூட்டிட்டு வந்தவளாம். தான் போகப்போறது தெரிஞ்சு, முன்னாடியே வீட்டுக்கு வரவச்சு, எது எங்க இருக்குன்னு காட்டிக் குடுத்துட்டுப் போனாளாம்."

குக்கர் கத்தியது. நான் போய் அணைக்கவில்லை.

அக்கா, நீங்கள் கற்றுக்கொடுத்த வேலைதானே, உடனே மனம் பின்னால் ஓடிக் காட்சிகளை நிறுத்தி நிறுத்திப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. விளம்பர இடைவேளையில், "எழுந்திரிக்க முடியலடி, நீ போய்ப் பால் வையேன்" என்பீர்கள். சோம்பல் என்று கேலி செய்திருக்கிறேன். "ஏலக்காய் தட்டாத, அவருக்கு ஆகாது" என்று உள்ளேயிருந்தே குரல் கொடுப்பீர்கள். அனுவுக்கு ரெட்டைப் பின்னல் போட என் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தீர்கள். எனக்கு ஊரில் வந்த வரன் தட்டிப்போனபோது, "எவன் வீட்லயோ போய் அவதிப்படறதுக்கு இங்கயே இருடி" என்றீர்கள். கீழ் வீடு காலியான விஷயத்தைப் பஸ் நிறுத்தத்தில் முன்பின் தெரியாத என்னிடம் சொன்னதே நீங்கள்தான். அப்போதே உங்களுக்கு வலி இருந்ததா? நம் வாழ்க்கையில் கேமரா வைத்தவர் யார்?

நான் இந்த வீட்டுக்கு உங்கள் இடத்தைப் பிடிக்க வந்தவளா, நீங்கள் கூப்பிட்டு வந்தவளா என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்காக இன்று சாயங்காலம் அவரிடம்கூடக் கேட்டேன், அக்காவுக்கு நோய் எப்போது தெரியும் என்று. எல்லோருக்கும் தெரிந்தபோதுதான் என்கிறார். அவர் எதைக் கவனித்தார், சொல்லுங்கள். தொடரில் நடந்ததுபோல, மாடி அறையைத் திறந்தால் வெறும் தூசிதான் இருக்கும் என்றும் தோன்றுகிறது. பிள்ளையைத் தேற்ற நீங்கள் கட்டிய கதையாகவும் இருக்கலாம். உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. நீங்கள் கூப்பிட்டதாகவே வைத்துக்கொண்டாலும், நான் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சாயங்காலங்களில் நீங்கள் தனியாக என்ன பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

விளம்பரம் முடிந்து தொடர் ஓடத் தொடங்கியது. அனு அப்போதுதான் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்களும் போறதுக்கு முன்னாடி யாரையாவது கூட்டிட்டு வருவீங்களா?"

நான் எங்கேயும் போகமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதை நீங்களும் அவளிடம் சொல்லியிருப்பீர்கள் என்று தோன்றியதும் வார்த்தை நின்றுவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் நகரவில்லை.

"நாளைக்கு நான்தான்" என்றேன்.

"நாளன்னைக்கு?"

"அத நாளைக்குக் கேளு. சொல்றேன்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "சரி, கேப்பேன்" என்றாள்.